ரிம்முக்கும் டயருக்கும் பொருத்தம் பார்ப்பவர்

மனிதர்களில் பொருத்தம் பார்ப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. கல்யாணத் தரகரைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தரகராவது இரண்டு பேரைச் சேர்த்து வைப்பார், வயிறாரச் சாப்பிடுவார், போய்விடுவார். நான் சொல்கிற ஆசாமி எதையும் சேர்த்து வைக்க மாட்டார். ஏற்கெனவே சேர்ந்து, சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிற இரண்டு பொருள்களைப் பார்த்து, "இது ரெண்டும் ஒத்து வராதே" என்பார். பாத்திரத்தின் மேலிருந்து மூடியை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். நீங்கள் ஆசையாக வாங்கி மாட்டிய படத்துக்கு எதிரே நின்றுகொண்டு, படத்தைப் பார்க்காமல், அது தொங்குகிற ஆணியையே பார்த்துக்கொண்டிருப்பார். புது வீட்டுக்கு நீங்கள் குடிபோன அன்று முதல் ஆளாக வந்து, கதவைத் திறந்து மூடி, மறுபடியும் திறந்து மூடி, "கீல் ஒரு நூல் சின்னதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவரேதான். அந்தக் கதவு இன்றைக்கு வரை ஒழுங்காகத்தான் மூடுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவை மூடும்போதும் உங்களுக்கு அந்த ஒரு நூல் ஞாபகம் வருகிறதா, இல்லையா?

இந்த ரகத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பேச்சை "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்கள், "யோசிங்க" என்று முடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கும்.

எனக்குத் தெரிந்தவர்களில் இந்தக் கலையைக் கரை கண்டவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவருடைய கடைப் பலகையில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. வாடிக்கையாளரின் கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, மூக்குத் தண்டின் அகலம் பார்த்து, காதுக்குப் பின்னால் கம்பி எங்கே வளைய வேண்டும் என்று தொட்டுப் பார்த்து அவர் செய்து கொடுக்கிற கண்ணாடி, முகத்தில் இருப்பதே தெரியாது. அந்தக் கடைக்குள்ளேயே அவர் இருந்திருந்தால் ஊரும் நிம்மதியாக இருந்திருக்கும், நானும் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

வினை ஒரு டாக்டர் ரூபத்தில் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே வேலை செய்கிறவருக்கு வயிறு முன்னால் வந்துகொண்டிருந்தது. "சைக்கிள் ஓட்டுங்க" என்றார் டாக்டர். ஊருக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது. அதன்மேல் ஏறி இறங்க ஒரு கல்லும் மண்ணுமான பாதை இருந்தது. மில்லிமீட்டர் தடித்த டயர் போட்ட ஒரு மலைச் சைக்கிளை வாங்கினார். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? ஏறி உட்கார்ந்து மிதித்திருப்போம். அவர் உட்கார்ந்து படித்தார்.

படித்ததில் அவருக்கு ஒரு ரகசியம் வெளிப்பட்டது. சக்கரத்தின் உலோக வளையம் இருக்கிறதே, ரிம், அதன் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் டயரின் ஓரங்கள் உட்காருகின்றன. அந்த இடைவெளிக்குத் தக்கபடிதான் டயரின் அகலம் இருக்க வேண்டும். குறுகலான ரிம்மில் தடித்த டயரை மாட்டினால், அது பல்பு மாதிரி மேலே உப்பிக் கீழே சிறுத்து, வேகமாக வளைவில் திரும்பும்போது இடுப்பில் பிடிப்பு இல்லாத ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அகலமான ரிம்மில் ஒல்லி டயரை மாட்டினால், அது சப்பையாக விரிந்துகொண்டு, ரிம்மின் ஓரம் கல்லில் இடிபடும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதுமாக இருந்தது. மில்லிமீட்டருக்கு ஒரு வருஷம் போதவில்லை.

முதலில் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு சக்கரம் வந்து சேர்ந்தது. மேசையில் இடம் போதாமல் குழம்புப் பாத்திரம் ஜன்னல் விளிம்புக்குப் போயிற்று. அவருடைய மனைவி கோர்ட்டில் சுருக்கெழுத்தர். இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் என்ன சொன்னார் என்று ஓர் எழுத்துப் பிசகாமல் எடுக்கிறவர். வீட்டிலும் அந்தக் காது ஓய்வெடுப்பதில்லை.

"சாப்பாட்டு மேசையில வீல் எதுக்கு?"

"ரிம்மோட உள் அகலம் பாக்கறேன்."

"நேத்தும் அதைத்தானே பாத்தீங்க."

"நேத்து நல்ல வெயில். உலோகம் கொஞ்சம் விரிஞ்சிருக்கும்."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் பக்கம், குழம்புக்குத் துணையாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரு டயர் வாங்குவார், மாட்டுவார், வெர்னியரை வைத்து அளப்பார். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உருண்டையை அளக்கக் கொடுப்பார்களே, அந்தத் தாடைக் கருவிதான். காற்றடித்தால் டயர் ஒரு மில்லிமீட்டர் கூடும். மறுபடி கழற்றுவார். இப்படியாக அந்தச் சைக்கிள் ஓடிய நேரத்தைவிடத் தலைகீழாக நின்ற நேரம் அதிகம். வயிறு மட்டும் டாக்டர் பார்த்த இடத்திலேயே, பார்த்தபடியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் தண்ணீர்த் தொட்டி வாசலில் கூடி, அங்கிருந்து குன்றுக்குப் போவது வழக்கம். மருந்துக் கடைக்காரர் ஒருவர், பெண்கள் பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர், மில்லிமீட்டரின் மைத்துனர், இன்னும் வந்தால் வருகிற ஒன்றிரண்டு பேர். மைத்துனர் பஸ் டிரைவர். மனைவியின் ஒரே தம்பி. வாரம் பூராவும் பெரிய வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிற வயிற்றெரிச்சலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் தீர்த்துக்கொள்கிறவர்.

மில்லிமீட்டர் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். இடுப்புப் பையில் வெர்னியர். ஒவ்வொருவராக வர வர, குனிந்து உட்கார்ந்து அவர்கள் சக்கரத்தைப் பார்ப்பார். ஆளைப் பார்த்து வணக்கம் சொல்வது அதற்கப்புறம்தான், அதுவும் ஞாபகம் இருந்தால். அவர் பேசி முடிக்கிறவரை பொறுத்துக்கொள்ள இவர்கள் ஒரு வித்தை கற்றுவைத்திருந்தார்கள். "சரிங்க சார், யோசிக்கறேன்" என்று முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு சொல்வார்கள். அவருக்கு அது போதும். மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. யோசிக்கிறேன் என்று யாராவது சொல்லிவிட்டால், அன்றைக்கு ஒரு காரியம் நடந்த திருப்தி.

பிறகு எல்லோரும் கிளம்புவார்கள். மற்றவர்கள் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது, அவர் பாதி வழியில், பழைய கல்குவாரிக்குக் கீழே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பார். அவர்களைப் பார்த்ததும் தானும் திரும்பிவிடுவார். அந்தக் குன்றின் உச்சியை அவர் ஒரு தடவையும் பார்த்ததில்லை என்பதை யாரும் சொல்லிக்காட்டியதில்லை. நல்ல மனிதர்கள்.

இப்படி இருக்கும்போது மைத்துனர் எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஜோடி டயர் வாங்கினார். இரண்டு புள்ளி ஆறு அங்குலம். பார்த்தால் யானைக் குட்டி மாதிரி இருந்தது. அதைத் தன்னுடைய பழைய சைக்கிளின் குறுகலான ரிம்மில், எப்படியோ மல்லுக்கட்டி மாட்டிக்கொண்டு தொட்டி வாசலுக்கு வந்தார்.

"அத்தான், எப்படி இருக்கு பாருங்க. சும்மா கும்முனு இல்ல?"

மில்லிமீட்டர் குனிந்தார். அளந்தார். ரிம்மின் உள் அகலம் பத்தொன்பது மில்லிமீட்டர். அவர் படித்திருந்த படிப்பெல்லாம் எந்த ஒரு ஜோடியைப் பற்றி எச்சரித்ததோ, அந்த ஜோடி கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. இதற்கு முன் அவர் பிரித்து வைத்த ஜோடிகளில் முக்கால்வாசி தீங்கில்லாதவை. இது அப்படி இல்லை. இது அவருக்கும் தெரிந்தது.

"தப்பா நினைச்சுக்காத மச்சான். ரிம்முக்கு இது ரொம்ப அகலம். யோசி."

"சரிங்க அத்தான், யோசிக்கறேன்" என்றார் மைத்துனர், முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு.

அவ்வளவுதான். மில்லிமீட்டர் நிமிர்ந்து, அடுத்து வந்த இன்னொருவரின் சக்கரத்துக்குக் குனிந்தார்.

மைத்துனர் யோசித்தாரா? அந்த வாரம் அவர் யோசிக்க வேண்டியவை வேறு ஆயிரம் இருந்தன. அடுத்த ஞாயிறும் அதே டயரோடு வந்தார், எல்லோருக்கும் முன்னால் உச்சிக்குப் போனார், எல்லோருக்கும் முன்னால் இறங்கினார். குவாரிக்குப் பக்கத்தில் பாதை சட்டென்று இடது கைப் பக்கம் திரும்புகிறது. தரையில் சரளைக் கல். வந்த வேகத்தில் அவர் சைக்கிளைச் சாய்த்தார். முன் சக்கரத்து டயர் அவருக்கு முன்னாலேயே சாய்ந்தது. ஒரு பக்கமாக மடங்கி, ரிம்மை விட்டு நழுவி, உள்ளே இருந்த காற்றெல்லாம் ஒரே மூச்சில் போய், ஆள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். பின்னால் வந்த டீச்சர் பிரேக்கைப் பிடித்துக் குதித்து இறங்கியபோது, மைத்துனர் ஓரத்துப் பள்ளத்தில், முள்செடிக்குள், தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தார். வலி அதிகமானால் மனிதனுக்குச் சத்தம் வராது.

கீழேயிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மில்லிமீட்டர் வந்து சேர்ந்தார். டீச்சர் பள்ளத்தில் இறங்கி மைத்துனரின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். மருந்துக் கடைக்காரர் போனை எடுத்து வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் நம்பர் மறந்துபோய் நின்றிருந்தார். மில்லிமீட்டர் இருவரையும் தாண்டிப் போனார். பாதை நடுவில் கிடந்த சைக்கிளின் முன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். மண்டி போட்டு உட்கார்ந்தார். இடுப்புப் பையைத் திறந்தார்.

"பத்தொன்பது" என்றார்.

மருந்துக் கடைக்காரர் அவசரமாக அழுத்தினார். "பத்தொன்பதுங்களா? முன்னாடி ஏதாச்சும் போடணுமா?"

"ரிம்மோட உள் அகலம் பத்தொன்பது. போன வாரமே நான் சொன்னேன்ல? இந்த டயர் வளைவுல மடங்கும்னு தெரியும் எனக்கு."

டீச்சர் பள்ளத்திலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வகுப்பில் சேட்டை பண்ணுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை அல்ல. அது ஒரு திட்டோடு முடிந்துவிடும். "சார்" என்றார், நிதானமாக, "அதைக் கீழ வச்சிட்டு இந்தக் கையைப் பிடிங்க."

மில்லிமீட்டர் வெர்னியரைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கையைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியிலாவது அடங்கினாரா? எப்படி விழுந்தார் என்று பதிவு செய்கிற பெண் கேட்டாரோ இல்லையோ, அவரிடம் ரிம்மின் வெளி அகலத்துக்கும் உள் அகலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் சொன்னார். பக்கத்துப் பெஞ்சில் வயிற்றுவலியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் சொன்னார். அவர் பாவம், எழுந்து போகும் நிலையில் இல்லை. எலும்பு டாக்டர் வெளியே வந்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற காறை எலும்பு முறிந்திருக்கிறது, கட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றபோது அவரையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. டயர் ரெண்டு புள்ளி ஆறு இஞ்சு, ரிம் பத்தொன்பதுதான்..."

"நான் எலும்பு மட்டுந்தாங்க பாக்கறது" என்றார் டாக்டர். "வீலுக்கு வேற இடம் பாருங்க."

இதற்குள் மனைவி வந்து சேர்ந்திருந்தார். உள்ளே போய்த் தம்பியைப் பார்த்தார், நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார், வெளியே வந்தார். கணவர் அந்த வயிற்றுவலிப் பெரியவரிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தார். மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து, நடைக்கூடத்தின் கடைசியில் இருந்த ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"இது ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் அவன்கிட்டச் சொன்னேனே. அவன் கேக்கல."

"எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா? வாயாலதான்."

"போன ஞாயித்துக்கெழமை நானும் தொட்டிப் பக்கம் நடக்க வந்திருந்தேன். நீங்க பேசினதை அப்படியே சொல்றேன், கேளுங்க."

அவர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. கோர்ட்டில் சாட்சியின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுகிற அதே குரலில் சொன்னார்.

"மருந்துக் கடைக்காரர்கிட்ட, 'தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க டயர் ஒரு மில்லிமீட்டர் கூட. யோசிங்க.' டீச்சர்கிட்ட, 'தப்பா நினைச்சுக்காதீங்க, மணியோட பட்டை ஹேண்டில்பாருக்குப் பெருசு. யோசிங்க.' குழந்தையைத் தள்ளுவண்டில வச்சுத் தள்ளிட்டுப் போனாங்களே, யாரு எவருன்னே தெரியாது, அந்தம்மாகிட்ட, 'தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒத்து வரல. யோசிங்க.' என் தம்பிகிட்ட, 'தப்பா நினைச்சுக்காத மச்சான், ரிம்முக்கு இது ரொம்ப அகலம். யோசி.'"

"சரியாத்தானே சொல்லிருக்கேன்."

"நாலையும் ஒரே குரல்ல சொல்லிருக்கீங்க. இதுல எது மணி ஆடற விஷயம், எது எலும்பு ஒடியற விஷயம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

மில்லிமீட்டர் வாயைத் திறந்தார். அளவு எதுவும் அகப்படவில்லை. "அப்ப நான் என்ன, கத்தியிருக்கணுமா?" என்றார்.

"கத்த வேண்டாம். மத்தவங்ககிட்டப் பேசாம இருந்திருந்தாலே போதும். இல்லன்னா, அவன் சைக்கிளைப் பிடிச்சு நிறுத்தி, இன்னைக்கு நீ போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கலாம். அக்கா புருஷன் சொன்னா தட்டுவானா அவன்?"

மனைவி உள்ளே போய்விட்டார். மில்லிமீட்டர் ஜன்னலடியிலேயே நின்றார். கீழே வாகனங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. அவர் மனசாட்சி இல்லாத ஆள் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். மனைவி சொன்னதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். மனைவிக்குத் தெரியாத ஒன்றுதான் அவரை அறுத்தது. பாதை நடுவில் அந்தச் சக்கரத்தைப் பார்த்த கணத்தில், பள்ளத்தில் கிடப்பது யார் என்று தெரிந்த பிறகும், அவருக்கு முதலில் வந்தது பயமில்லை. இரக்கமும் இல்லை. சந்தோஷம். சொன்னது பலித்துவிட்டது என்கிற சந்தோஷம். ஒரு வருஷமாக யாரும் காதில் போட்டுக்கொள்ளாத படிப்பு, கண் முன்னால் மடங்கிக் காட்டிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். அது எத்தனை நேரம் நீடித்தது என்று மட்டும் அவர் அளக்கவில்லை. அளக்கவும் விரும்பவில்லை.

பிறகு வார்டுக்குள் போனார். மைத்துனர் தோளில் பட்டை கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வேதனையோடு சிரித்தார்.

"அத்தான், நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும். சரி, அந்த ரிம்முக்கு எவ்வளவு டயர் போடணும், சொல்லுங்க. இனிமே கேக்கறேன்."

இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்த்து அந்த மனிதர் எத்தனை நாள் காத்திருந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கேட்கப்படாமலே பதில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய் அது. பதில் நுனி நாக்கில் நின்றது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது கெடக்கட்டும். ரொம்ப வலிக்குதா?" என்றார். "தலகாணி சரியா இருக்கா?" என்றார். அந்தத் தலையணை உறைக்கு மிகவும் சின்னது, உறையின் இரண்டு காதும் தொங்கிக்கொண்டிருந்தன. பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மைத்துனருக்கு அத்தான் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்து, தன் நிலைமை ரொம்ப மோசமோ என்று பயமே வந்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் ஒருத்தர் திருந்தினார் என்று நாமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த ஞாயிறு மில்லிமீட்டர் வெர்னியரைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத் தொட்டி வாசலுக்குப் போனார். யார் சக்கரத்தையும் பார்ப்பதில்லை, பேசாமல் ஓட்டிவிட்டுத் திரும்புவது என்று தீர்மானம். போனால், அங்கே அவருக்கு முன்னாலேயே ஒரு கூட்டம். வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். சைக்கிள்கள் எல்லாம் தலைகீழாக நின்றன. ஊரில் ஒருவர் சொன்னார், சொன்னபடியே நடந்தது, எலும்பு ஒடிந்தது; இதைவிட ஒரு மனிதருக்கு வேறென்ன விளம்பரம் வேண்டும்?

"சார், வாங்க வாங்க" என்று மருந்துக் கடைக்காரர் ஓடி வந்தார். அவர் கையில் பளபளவென்று ஒரு புது வெர்னியர். "என்னோட ரிம் இருபத்தஞ்சு வருது. போன வாட்டி நீங்க இருபத்தி நாலுன்னீங்க. நான் எங்க தப்புப் பண்றேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லங்க. ஒரு மில்லிமீட்டர்ல ஒண்ணும் ஆகாது. வாங்க, போகலாம்."

"ஒண்ணும் ஆகாதா? நீங்களா இப்படிச் சொல்றது?" மருந்துக் கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

அதற்குள் டீச்சர் மர ஸ்கேலோடு வந்தார். "சார், இவர் வெளி அகலத்தை அளந்துட்டு உள் அகலம்ங்கறார். நீங்களே சொல்லுங்க." புதிதாக வந்த இன்னொருவர் உள் அகலம் என்றால் ரிம் ஓரத்தில் டயரைப் பிடிக்கிற கொக்கிக்கு உள்ளேயா வெளியேயா என்று ஆரம்பித்தார். டீச்சருக்கு எரிச்சல் வந்தது. மருந்துக் கடைக்காரருக்கு ரோஷம் வந்தது. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. ஒருத்தரும் சைக்கிளைத் திருப்பி நிறுத்துவதாகக் காணோம்.

மில்லிமீட்டர் ஓரமாக நின்று பார்த்தார். ஒரு வருஷமாக அவர் கனவு கண்ட காட்சி. இத்தனை பேர், இத்தனை சக்கரம், அத்தனை பேரும் குனிந்து. அவருக்கு ஏனோ அந்தக் கூட்டத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சைக்கிளைத் திருப்பினார். தனியாகக் கிளம்பிவிட்டார்.

குவாரி வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். முள்செடியில் இரண்டு கிளை ஒடிந்து காய்ந்திருந்தது. அதற்கு மேல் அவர் போனதே இல்லை. மூச்சு வாங்கியது, தொடை நடுங்கியது, இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். பேச யாரும் இல்லாததால் மூச்சு முழுவதும் ஏறுவதற்கே மிஞ்சியது. உச்சியில் ஒரு தொலைபேசிக் கோபுரமும், அதைச் சுற்றிக் கம்பி வேலியும், நல்ல காற்றும் இருந்தன. கீழே ஊர் முழுவதும் ஒரு கை அகலத்துக்குள் அடங்கியிருந்தது. அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

"மேல வந்துட்டேன்."

"நெஜமாவா? உச்சிக்கா?" அந்தப் பக்கம் குரலில் சந்தோஷம் தெரிந்தது. "எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. காத்து பிச்சிக்குது. நம்ம தெருகூடத் தெரியுது. இந்த வேலிக்குப் போட்டிருக்கற போல்ட்டும் நட்டும் மட்டும்..."

அந்தப் பக்கம் அமைதி. அந்த அமைதியையும் அவர் மனைவி சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருப்பார் என்று அவருக்குத் தோன்றியது.

"...ரொம்ப நல்லா இருக்கு" என்று முடித்தார்.

அவர் கீழே வந்தபோது கூட்டம் கலையவில்லை. யாரும் ஒரு அடிகூட நகர்ந்திருக்கவில்லை. அவரைப் பார்த்ததும் நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்: டிரைவருடைய அந்தப் பத்தொன்பது ரிம்முக்கு உண்மையில் எவ்வளவு டயர் போட்டிருக்க வேண்டும்?

"ரெண்டு இஞ்ச் போதும்" என்றார். எல்லோரும் ஆகா என்று தலையை ஆட்டினார்கள். மருந்துக் கடைக்காரர் அதைப் போனில் பதிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர் மேசையில் உட்கார்ந்தார். மேசை காலியாக இருந்தது. குழம்பு பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. "அத்தனை பேர் இருந்தாங்க" என்றார் மனைவியிடம். "ரிம்மைக் கேட்டாங்க, டயரைக் கேட்டாங்க. உன் தம்பி எப்படி இருக்கான்னு ஒருத்தர் கேக்கல."

மனைவி அவருக்குப் பரிமாறினார். கொஞ்சம் அதிகமாகவே பரிமாறினார்.

என்ன, அந்தக் கூட்டத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. பத்தொன்பது மில்லிமீட்டருக்கு இரண்டு அங்குலம் என்று நான் சொன்னதும் நீங்கள் மனசுக்குள் குறித்துக்கொண்டதை நான் கவனித்தேன். இருபத்தைந்துக்கு எவ்வளவு என்று அடுத்த கேள்வியும் தயாராக வைத்திருக்கிறீர்கள். வாசலில் நிற்கிற உங்கள் வண்டியின் டயரை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன என்றும் தோன்றியிருக்கும். எல்லாம் சரி. எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்த அந்த டிரைவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாம் எத்தனை தூரம் வந்துவிட்டோம். அவர் என்ன ஆனார் என்று நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே.

எலும்பு கூடிவிட்டது. மறுபடியும் பஸ் ஓட்டுகிறார். கையைத் தூக்கும்போது மட்டும் கொஞ்சம் வலி இருக்கிறதாம்.